இணையதளத் தர விதிகள்: நமக்கு அவை தேவையா?



சென்ற ஆண்டு நம் டிரஸ்டின் கல்வி உதவித்தொகைக்கு முதன்முறையாக இணையதளம் வழியாக மட்டுமே விண்ணப்பங்களைப் பெற்றோம். காகிதப் படிவம் கிடையாது என்று ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல்களில் அறிவிப்பும் செய்தோம். கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை. கணவர் மவுத்தாகி ஐந்து வருடம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் சேர இருக்கிறாள். "பாய், நாலு நாளா போன்ல போட்டுப் பாக்குறேன். எல்லாம் எழுதுறேன், அனுப்புற பட்டன் வரவே மாட்டேங்குது" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தோம். படிவம் திரையின் அகலத்தைத் தாண்டி வலப்பக்கம் ஓடிக் கிடந்தது. பட்டன் அந்தத் தெரியாத பகுதியில் இருந்தது. பக்கத்தை நகர்த்தவும் முடியவில்லை, விரலால் சுருக்கிப் பார்க்கவும் முடியவில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் அதே படிவம் அழகாக, முழுதாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தோம்.

அதே வாரத்தில் பார்வையற்ற ஹாஃபிழ் ஒருவர் வந்தார். கல்லூரியில் சேர உதவி கேட்டு விண்ணப்பிக்க முயன்றவர். அவருடைய போனில் டாக்பேக் என்ற வசதியை இயக்கி வைத்திருக்கிறார். விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதை போன் வாய்விட்டுச் சொல்லும். வாட்ஸ்அப் அனுப்புவது, பணம் அனுப்புவது எல்லாம் தாமே செய்துகொள்பவர். நம் படிவத்தில் அந்தப் போன் "எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ், பட்டன்" என்று மட்டும் சொன்னது. எந்தப் பெட்டி மாணவர் பெயருக்கு, எது தகப்பனார் பெயருக்கு என்று சொல்லவில்லை. உதவித்தொகையின் நிபந்தனைகளை நாங்கள் போஸ்டராக வடிவமைத்து ஒரே படமாக ஏற்றியிருந்தோம். போன் அதைப் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது.

திருக்குர்ஆனின் 80-வது அத்தியாயமான 'அபஸ' எந்த நிகழ்ச்சியை ஒட்டி இறங்கியது என்பது மதரஸாவில் ஓதிய அனைவருக்கும் தெரியும். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த வேளையில் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள வந்த நிகழ்ச்சி அது. அந்த அத்தியாயத்தை மனனம் செய்த ஒருவர் எங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கம்ப்யூட்டரில், நம் தளத்தின் முகப்பில், நன்கொடையாளர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.

இருவரின் விண்ணப்பங்களையும் கையால் எழுதி வாங்கிக்கொண்டு, கடைசித் தேதியைப் பத்து நாள் நீட்டினோம். முயன்று பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வராமலே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு கிடையாது.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் நம் ஊர்ப் பிள்ளைதான். குறைந்த கட்டணத்தில், நல்ல எண்ணத்தில் செய்து கொடுத்தார். அவரை அழைத்துக் கேட்டபோது, "சாஹிப், குரோம்ல ஓபன் ஆகுது, அது போதும். ஸ்டாண்டர்ட்ஸ் எல்லாம் புத்தகத்துல இருக்குறது. பெரிய பெரிய கம்பெனி சைட்டே அதுல பாஸ் ஆகாது" என்றார். குறை அவர் மீது மட்டும் இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நாங்கள் அவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் அவர் சொன்ன பதில் எங்களை உறுத்தியது. இணையதளத் தர விதிகளைப் பின்பற்றுவது நடைமுறையில் அவசியமா, அல்லது சான்றிதழுக்கான சடங்கா? சில மாதங்கள் படித்தும் விசாரித்தும் எங்களுக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறோம். நம் பிள்ளைகளில் பலர் இன்று இணையதளம் அமைக்கும் வேலையில் இருப்பதால் அவர்களுக்கும் இது பயன்படலாம்.

தோல் ஊரில் தரம் என்பது புதிதல்ல

ஒரு யூனிட்டில் அப்பர் தைக்கிறார்கள், இன்னொரு ஊரில் சோல் செய்கிறார்கள், மூன்றாவது இடத்தில் இரண்டும் சேர்கின்றன. மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஷூ பொருந்துகிறது. லாஸ்ட் என்னும் கால் அச்சின் அளவை மூவரும் ஒப்புக்கொண்டதுதான் காரணம். இணையமும் இப்படித்தான் நடக்கிறது. பக்கத்தை எழுதுபவர் ஒருவர், அதைக் காட்டும் பிரவுசரைச் செய்பவர் இன்னொருவர், அதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற கருவியைச் செய்பவர் மூன்றாமவர். மூவருக்கும் பொதுவான அளவைத்தான் தர விதிகள் என்கிறோம்.

நம் பெரியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதுவரை பயன்படுத்தியது அது. "தோல் நன்றாகத்தானே இருக்கிறது, கண்ணுக்கு என்ன குறை தெரிகிறது" என்று அன்று கேட்டவர்கள் உண்டு. குறை கண்ணுக்குத் தெரியாது, சோதனைக் கூடத்தில் தெரியும், அணிபவரின் உடம்பில் தெரியும். ஐந்து ஆண்டுகளில் சில அசோ சாயங்களுக்கும் அதே நிலை வந்தது. "குரோமில் ஓபன் ஆகிறது" என்ற பதிலைக் கேட்டபோது எங்களுக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன.

இணையத்தில் நடந்தது என்ன?

வலைப்பக்கங்களைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, 1994-ல் டபிள்யூ3சி என்ற அமைப்பைத் தொடங்கினார். பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் முதலியவற்றுக்குப் பொது விதி வகுப்பது அதன் வேலை. அந்தக் காலத்தில் நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற இரண்டு பிரவுசர்களும் போட்டி போட்டுக்கொண்டு தத்தமக்கென்று தனி வழிகளைச் சேர்த்தன. எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே சரியாகத் தெரியும் என்று அறிவிப்புப் பலகை மாட்டிய தளங்கள் நம் நாட்டிலும் ஏராளம்.

தென் கொரியாவின் அனுபவம் இதில் ஒரு பாடம். 1990களின் இறுதியில் அந்த நாடு இணைய வங்கிப் பரிமாற்றத்துக்காக ஆக்டிவ்எக்ஸ் என்ற, எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. அதன்பின் பல ஆண்டுகள் வங்கியும் கடையும் அரசு அலுவலகமும் அந்த ஒரே பிரவுசரில் கட்டுண்டு கிடந்தன. வேறு கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். அந்த எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2022 ஜூன் 15-ல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஃப்ளாஷ் என்ற மென்பொருளை நம்பி எழுதப்பட்ட பக்கங்களும், அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்ததும் இயங்காமல் போயின. பொது விதிப்படி எழுதப்பட்ட 1990களின் எளிய பக்கங்களோ இன்றைய போனிலும் திறக்கின்றன.

இவையெல்லாம் வெளியூர்க் கதை என்று நினைக்க வேண்டாம். தமிழுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. 1990களில் தமிழ் இணையதளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தன. ஒரு பத்திரிகையைப் படிக்க ஒன்று, அடுத்ததற்கு இன்னொன்று என்று இறக்கிக்கொள்ள வேண்டும். திஸ்கி என்ற குறியாக்கம் இணையத் தமிழர்களின் முயற்சியால் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. உலகப் பொதுவான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தும், எல்லோரும் அதற்கு வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடையும், அதோடு டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த மலர்கள், நிக்காஹ் பதிவுகள், மதரஸா ஆண்டறிக்கைகள் இன்று எந்தத் தேடலுக்கும் அகப்படாது. நம் டிரஸ்டின் பழைய கோப்புகளில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும்.

உருதுவின் கதை இதைவிடச் சங்கடம். நஸ்தலீக் எழுத்தின் அழகைக் கம்ப்யூட்டரில் கொண்டுவருவது கடினமாக இருந்ததால் உருது நாளிதழ்கள் நெடுங்காலம் முழுப் பக்கத்தையும் படமாகவே இணையத்தில் போட்டன. சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து வெளிவரும், 1927-ல் தொடங்கப்பட்ட, கையெழுத்தாலேயே பெயர்பெற்ற 'முசல்மான்' நாளிதழைப் படமாகப் பார்ப்பது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் படத்துக்குள் தேட முடியாது, படத்தைப் போன் வாசித்துக் காட்டாது. எங்கள் தளத்தில் உருது அறிவிப்பை எழுத்தாகவே இட்டும் தவறு செய்திருந்தோம். வலமிருந்து இடம் ஓடும் எழுத்து என்ற குறிப்பைப் பக்கத்தில் கொடுக்கவில்லை. முற்றுப்புள்ளி வரியின் தவறான முனையில் நின்றது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும் பிழை.

அந்தப் பிள்ளை சொன்னதில் உள்ள உண்மை

பெரிய தளங்களே தேறுவதில்லை என்று அவர் சொன்னது பொய்யல்ல. அமெரிக்காவின் வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த ஏதுவாக டபிள்யூ3சி வகுத்த விதிகளின்படி 2024-ல் 95.9 சதவீதப் பக்கங்களில் பிழை இருந்தது. எல்லோரும் தவறுகிறார்கள் என்பது நமக்குச் சாக்காகாது. அளவு நிறுவையில் குறைப்பவர்களைப் பற்றி 83-வது அத்தியாயம் இறங்கியபோதும் சந்தையில் குறைப்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. விதியைக் கண்டிப்பாக்குவதே நோக்கமாகிவிட்ட ஒரு காலம் இருந்தது. எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்ற வடிவத்தை அதன் முறைப்படி கையாண்டால் பக்கத்தில் ஒரு குறி விடுபட்டாலும் பிரவுசர் பக்கத்தையே காட்டாமல் பிழைச் செய்தியைக் காட்டும். எழுதியவரின் தவறுக்குப் படிப்பவருக்குத் தண்டனை. அந்தப் பாதையின் அடுத்த பதிப்புக்கான வேலையை 2009-ல் டபிள்யூ3சி நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின் வந்த ஹெச்டிஎம்எல்5, பிழையான பக்கத்தையும் எல்லாப் பிரவுசர்களும் ஒரே மாதிரி எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பதையே விதியாக எழுதி வைத்தது. ஆகவே சோதனைக் கருவி சுட்டும் ஒவ்வொரு பிழைக்கும் பதற வேண்டியதில்லை.

மதரஸாவில் ஃபர்ளு, சுன்னத், முஸ்தஹப்பு என்று தரம் பிரித்துப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளத்தான் சொல்கிறோம், மார்க்கப் பொருளில் எடுக்க வேண்டாம். ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடும் பிழை எதுவோ அது முதல் வகை. படிவத்தின் ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர்க்குறி இருப்பது, படத்துக்கு மாற்று உரை இருப்பது, பக்கம் தமிழா உருதுவா என்ற மொழிக்குறி இருப்பது, சிறிய போன் திரையில் பக்கம் மடங்கி அடங்குவது, எழுத்தைப் பெரிதாக்கத் தடையில்லாதது எல்லாம் இதில் சேரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் நிற வேறுபாடு வேண்டும் என்பதும் அப்படியே. இளம்பச்சைப் பின்னணியில் பொன்னிற எழுத்து நம் சமுதாயத் தளங்கள் எல்லாவற்றுக்கும் பிடித்த நிறமாக இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வெயிலில் நின்று அதைப் படிக்க முயன்று பார்க்கட்டும்.

பக்கத்தின் உள்ளே ஒரு தேவையற்ற குறி, வழக்கொழிந்த ஒரு சொல், யாருக்கும் இடையூறு செய்யாத ஒரு வரிசை மாற்றம் போன்றவற்றை நாங்கள் விட்டுவிட்டோம். இன்றும் சோதனைக் கருவியில் நம் தளம் முழு மதிப்பெண் பெறாது.

முழு மதிப்பெண் பெற்றாலும் அது போதாது என்பதை ஒரு பெயர் எங்களுக்குக் காட்டியது. உதவி பெறுவோர் பட்டியலில் கௌஸ் என்ற பெயரைத் தேடினோம். பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. விஷயம் இதுதான்: சிலர் ககரத்துடன் ஔகாரக் குறியைச் சேர்த்துக் 'கௌஸ்' என்று சரியாக அடிக்கிறார்கள். சிலர் 'கெ' அடித்து அதன்பின் ளகரத்தை அடித்துக் 'கெளஸ்' என்று எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு ஆட்கள். மௌலவி, நௌஷாத், சௌதி எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஹாஃபிழின் போன் இரண்டாவதை "கெ-ள-ஸ்" என்று ளகரத்தோடு படித்தது. இதை எந்தச் சோதனைக் கருவியும் பிழை என்று சொல்லவில்லை. ஒரே குடும்பம் இரண்டு பெயரில் பதிவாகலாம், அல்லது பதிவான பெயர் தேடும்போது கிடைக்காமல் உதவி நின்றுபோகலாம். பட்டியல் முழுவதையும் திருத்த இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று நாள் ஆயிற்று. அதேபோல் படத்தின் மாற்று உரையில் 'படம் 1' என்று எழுதினாலும் கருவி திருப்தியடைந்துவிடும், கேட்பவருக்குத்தான் ஒன்றும் புரியாது.

ஓரிடத்தில் மட்டும் எழுத்தாகவே இட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினோம். அரபியில் குர்ஆன் வசனங்களை இடும்போது தகுந்த எழுத்துரு இல்லாத சில போன்களில் ஓதல் குறிகள் கட்டங்களாகத் தெரிந்தன. வேறு எதிலும் பொறுத்துக்கொள்ளலாம், இதில் முடியாது. உலமாக்களைக் கலந்து, சரிபார்த்த படத்தையே வைத்தோம். மாற்று உரையில் அத்தியாயத்தின் பெயர், வசன எண், தமிழ்ப் பொருள் மூன்றும் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுக்கு மட்டுமின்றிச் சேவை வழங்கும் தனியாருக்கும் பொருந்தும். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இல்லாமல் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ல் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. வங்கிக் கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னால், அமில வீச்சில் கண்ணை இழந்தவர் என்ன செய்வார் என்பதுதான் அந்த வழக்கின் தொடக்கம். ஐரோப்பாவில் நேரடியாக வாடிக்கையாளருக்கு இணையத்தில் விற்பவர்களுக்கு 2025 ஜூன் 28 முதல் இத்தகைய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. தம் பெயரில் அங்கே ஷூ விற்க நினைக்கும் நம் இளைஞர்கள் கவனத்தில் கொள்ளட்டும்.

தளம் அமைக்கக் கொடுப்பவர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. கம்ப்யூட்டரில் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்திப் படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா பாருங்கள். தமிழ் வரி ஒன்றை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள், தமிழாகவே வர வேண்டும். போன் அமைப்பில் எழுத்தை மிகப் பெரிதாக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் முயலுங்கள். இயக்குவதற்கு முன் நிறுத்தும் வழியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, எங்களில் ஒருவர் அது தெரியாமல் அரை மணி நேரம் போனோடு போராடினார். கம்ப்யூட்டரில் இதே வேலைக்கு என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கத் தொடங்கியது அது.

நம் தளத்தை அமைத்த அதே பிள்ளைதான் படிவத்தைத் திருத்தி எழுதினார். இம்முறை ஹாஃபிழைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினார். பெட்டிகளுக்குப் பெயர்க்குறி கொடுக்க ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது. அகலத்தைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. முகப்பில் நகரும் படங்களை எடுத்துவிட்டோம். நன்கொடையாளர்களில் ஒருவர் மட்டும் ஏன் என்று கேட்டார், காரணத்தைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்.

இவ்வாண்டு விண்ணப்பம் திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின் மஃரிப் வரை, டிரஸ்ட் அலுவலகத்தில் படிவத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். வீட்டில் உள்ளதிலேயே பழைய போனை, திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வாருங்கள். பெண்களுக்குத் தனி அறை உண்டு. காகிதப் படிவமும் இம்முறை அலுவலகத்தில் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.